எழுந்து நின்று வாங்கிய துப்பாக்கி

துப்பாக்கியை எழுந்து நின்றுதான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் இன்ஸ்பெக்டர் வைதேகி மேடம் எழுந்து நின்றுதான் வாங்குவார். லைசென்ஸ்காரர் துப்பாக்கியோடு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெருமாள் கோயில்ல பிரசாதம் வாங்குற மாதிரி வாங்குறாங்கப்பா" என்று வாசலில் காவல் நின்றவனிடம் சொன்னேன். அவனும் சிரித்தான்.

நான் சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். கடைசி வருஷங்களில் திருச்சியில் ஒரு ஸ்டேஷனில் ரைட்டர். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை; மலைக்கோட்டையிலிருந்து நடந்துபோகிற தூரம், அவ்வளவு போதும். இப்போது எடமலைப்பட்டி புதூரில் வீடு. காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மனைவியிடம் திட்டு. இப்படி நிம்மதியாக இருந்தவனை, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கவிதா போனில் கூப்பிட்டாள். "சார், எலக்‌ஷன் வேலை கழுத்தை நெரிக்குது. துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா காரணம் எழுதணுமாம். உங்க காலத்துல போன்லயே முடிச்சுடுவீங்களாமே?" என்றாள். முடித்துக்கொண்டுதான் இருந்தோம், அது எப்படி நின்றது என்று ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு எழுதித் தருகிறேன், படித்துக்கொள் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, ஒரு புகாரை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் ஓடினோம், களி மாதிரி சோற்றைத் தின்றோம், துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கப் பழகினோம். அடுத்தவருடைய துப்பாக்கியை அவரிடமிருந்து எப்படி வாங்குவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதில் சொல்லித் தர என்ன இருக்கிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்தேன்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் நாங்கள் செய்வது இதுதான். லைசென்ஸ்காரர்களுக்கு வரிசையாகப் போன் போடுவேன். "ஐயா வணக்கம், எலக்‌ஷன் வந்துடுச்சு, கொண்டாந்து போட்டுடுங்க." அவர்களும் கொண்டுவந்து போடுவார்கள். ஒருவர் மனைவியின் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு வருவார். வைதேகி மேடம் வந்த பிறகு நடந்த தேர்தலில் ஒரு வயதான டாக்டரின் துப்பாக்கிக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. "ரசீதுல குளவியையும் சேர்த்து எழுதிக்கங்க, திருப்பிக் குடுக்கிறப்ப கேப்பேன்" என்றார் அவர். அட்டையில் பெயர் எழுதி நூலால் கட்டி, பின்பக்க அறையில் சாய்த்து வைப்போம். தேர்தல் முடிந்து, மேலிருந்து தகவல் வந்து, எங்களுக்கும் நேரம் கிடைத்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் குழாயில் துரு ஏறியிருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. போலீஸ் கேட்டால் கொடுப்பதுதான் மரியாதை என்று ஊரில் ஒரு எண்ணம்.

சட்டம் வேறு மாதிரி இருந்தது. மேலதிகாரிகள் குழு ஒன்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், அடிதடி வழக்கில் மாட்டியவர், முந்தைய தேர்தல் கலாட்டாவில் பெயர் அடிபட்டவர், இப்படிப்பட்டவர்களிடம் காரணம் எழுதி உத்தரவு போட்டு வாங்கலாம். மற்றவர் பொருளில் கை வைக்கக் கூடாது. ஆனால் ஆளுக்கு ஒரு காரணம் யார் எழுதுவது? எல்லாரிடமும் வாங்கிவிட்டால் வேலை மிச்சம். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

வைதேகி மேடம் எங்களிடம் மாற்றலாகி வந்த சில மாதத்தில் தேர்தல் வந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர். சித்திரை வீதியில் வீடு. காவிரிப் பாலத்தைத் தாண்டித் தன் ஸ்கூட்டரிலேயே வருவார், ஜீப்பை வீட்டுக்கு அனுப்பச் சொல்ல மாட்டார். குரல் உயராது. திருடனைக்கூட 'நீங்க' என்பார். திருடர்கள் அதற்குக் கூச்சப்பட்டே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். ஸ்டேஷனில் எங்கள் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அவருடைய வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும். 'வாங்க' என்பது 'வாங்கோ' ஆகிவிட்டால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தேர்தலுக்கும் நான் வழக்கம்போல் போன் போட்டேன். வந்தவர்களின் துப்பாக்கியை மேடம் எழுந்து நின்று வாங்கினார், நான் சிரித்தேன், எல்லாம் நடந்தது. வழக்கம்போல எல்லாரும் போடுகிறார்கள், உத்தரவு மேலே தயாராகிக்கொண்டிருக்கும் என்று அவரும் நம்பியிருந்தார். அப்போதுதான் ஆரோக்கியசாமி வந்தார்.

ஆரோக்கியசாமி ராணுவத்தில் இருந்து வந்தவர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு நகைக்கடையில் காவல். சொந்தமாக ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி, முறையான லைசென்ஸ். வீடு எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த சந்தில். காலையில் கடைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார். சட்டையில் இஸ்திரி மடிப்பு வைத்தது வைத்தபடி இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு வந்து என் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"எங்கங்க துப்பாக்கி?" என்றேன்.

"கொண்டு வரலை சார். ஆர்டரைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன ஆர்டர்? எலக்‌ஷன் வந்தா போடுறதுதானே, புதுசா கேக்குறீங்க?"

"போன எலக்‌ஷனுக்கு நீங்க போன்ல சொன்னீங்க, மறுபேச்சு பேசாம போட்டேன் சார். துப்பாக்கி இல்லாத ஆளு எதுக்குன்னு கடையில வேற ஆளை வச்சுட்டாங்க. திரும்ப அதே கடையில நிக்கிறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை போட்டா அவ்வளவுதான், இந்த வயசுல எவனும் கூப்பிட மாட்டான். என் மேல என்ன கேஸ் இருக்கு சார்? எதுக்காக என்கிட்ட வாங்குறீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இப்பவே கொண்டாந்து போட்டுடறேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் மேஜைக்கு முன்னால் நின்று அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஊரோட ஒத்துப் போங்க ஆரோக்கியசாமி. டாக்டரே கொண்டாந்து போட்டுட்டாரு, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று குரலை உயர்த்தினேன். உள்ளேயிருந்து மேடம் வெளியே வந்தார்.

"என்ன கேக்குறார் செல்வம்?" என்றார் என்னிடம்.

"ஆர்டர் கேக்குறாரு மேடம்."

"இருக்கா?"

நான் மேஜையைப் பார்த்தேன்.

"அவர் மேல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

"அப்ப எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்டீங்க?"

"வழக்கம் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேடம் தானே ஒரு நாற்காலியை இழுத்து ஆரோக்கியசாமியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "உங்க துப்பாக்கியை வாங்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தா, காரணத்தோட நானே உங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன். வரலைன்னா நீங்க வேலையைப் பாருங்க. உங்களை நாங்க கூப்பிட்டிருக்கவே கூடாது" என்றார் மேடம். ஆரோக்கியசாமி ராணுவ முறையில் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். எனக்கு மேடத்தின் மேல் கோபம். ஒரு வாட்ச்மேன் முன்னால் என்னை இப்படி நிற்க வைத்துவிட்டாரே என்று.

அதைவிடப் பெரிய கவலை வேறு. ஒருவரை விட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். வாங்கி வைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேர்தல் முடியும்வரை அதில் ஏதாவது ஒரு துப்பாக்கி எங்காவது வெடித்தால், விட்டு வைத்தது யார் என்று விரல் மேடத்தை நோக்கித்தான் நீளும். ஆரோக்கியசாமிக்கு வேலை போகும் என்றால் மேடத்துக்கும் அதே கதிதான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

மேடம் வீட்டில் தன் யூனிஃபாரத்தைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். வீட்டில் பேசுவது வீட்டுத் தமிழ்தான், கோபம் என்று நினைத்து முதலில் நடுங்கிவிட்டேன்.

"எதுக்கு மேடம் நமக்கு வம்பு? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிற கதையாயிடும். எல்லாரோடதையும் வாங்கிப் போட்டுடலாம்" என்றேன்.

மேடம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "செல்வம், கோயில்ல பெருமாள் நகையை வெளியில எடுக்கணும்னா ஒருத்தரால முடியாது. சாவி வச்சிண்டிருக்கிறவா வரணும், முத்திரையைப் பார்க்கிறவா வரணும், எதுக்கு எடுக்கிறோம்னு எழுதணும். பேசாத பெருமாள் பொருளுக்கே அவ்வளவு முறை இருக்கு. இந்த மனுஷர் வாயைத் திறந்து கேக்கிறார். அவர் பொருளுக்கு ஒரு போன் போதுமா?"

"அதுக்கில்ல மேடம்…"

"இன்னொண்ணு. எல்லார்கிட்டயும் வாங்கிட்டோம்னு சொல்றேளே, குணசீலன்கிட்ட வாங்கினேளா?"

எனக்குக் காபி புரையேறியது. குணசீலன் சாலை ரோடு பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்கக் கூடாது. இடத் தகராறில் பக்கத்துக்காரரைத் துப்பாக்கி காட்டி மிரட்டிய வழக்கில் ஜாமீனில் இருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் 'உயிருக்கு ஆபத்து' என்று மேலே சொல்லி விலக்கு வாங்கிவிடுவார். எங்கள் 'எல்லாரும்' என்கிற சொல்லில் அவர் மட்டும் எப்போதும் இருந்ததில்லை. யாரிடம் வாங்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, வாங்கக் கூடாதவரிடமெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது அந்தச் சித்திரை வீதி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சில நாட்கள் என்னைத் தெருத்தெருவாக அலைய வைத்தார். ஒவ்வொரு லைசென்ஸ்காரரையும் நேரில் பார், விசாரி, உள்ளதை உள்ளபடி எழுது. அதைக் குழுவுக்கு அனுப்பினார். மேலேயிருந்து போன் வந்தது. எல்லாரிடமும் வாங்கிவிட்டுப் போவதை விட்டுவிட்டு எதற்கு இந்த வேலை என்றுதான் கேட்டிருப்பார்கள். மேடம் பதிலுக்கு, "விட்டு வைக்கிறதுக்கு என் கையெழுத்துதானே சார் இருக்கு, நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. உத்தரவு வந்தபோது ஆரோக்கியசாமியின் பெயர் அதில் இல்லை. குணசீலன் பெயர் இருந்தது. டாக்டருடைய துப்பாக்கியைக் குளவியோடு திருப்பிக் கொடுத்தோம்.

குணசீலன் வீட்டுக்கு மேடமே கிளம்பினார். நானும் ஒரு காவலரும் கூடப் போனோம். பெரிய ஹால். சோபா பக்கத்தில் பேரக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கிடந்தது. சுவரில் கண்ணாடி அலமாரிக்குள் துப்பாக்கி.

"உட்காருங்க மேடம்" என்றார் குணசீலன்.

"பரவாயில்லைங்க." மேடம் உத்தரவை அவர் கையில் கொடுத்து, காரணம் எழுதியிருந்த இடத்தையும் வாசித்துக் காட்டினார்.

அவர் முகம் சிவந்தது. "இது என் காசுல வாங்கினது. என் உயிரைக் காப்பாத்திக்க எனக்கு உரிமை இல்லையா?"

"இருக்குங்க. அதனாலதான் வாசல்ல ஆயுதத்தோட ஒரு காவலரைப் போடுறோம், அதுவும் உத்தரவுல இருக்கு. இந்த உத்தரவு தப்புன்னு நினைச்சா மேல்முறையீடு செய்யலாம். எங்க செய்யணும்னு பின்பக்கம் எழுதியிருக்கேன்."

"அந்த நகைக்கடை வாட்ச்மேனை மட்டும் விட்டு வச்சிருக்கீங்களாமே. அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"ஒரே நியாயம்தாங்க. ஆர்டரைக் காட்டுங்கன்னு அவர் கேட்டார், எங்ககிட்ட இல்லை. உங்களுக்கு இருக்கு. கையிலதான் வச்சிருக்கீங்க."

இத்தனை வருஷ சர்வீஸில் சட்டத்தை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கேட்டதில்லை. குணசீலன் அலமாரியைத் திறந்தார். துப்பாக்கியை எடுத்து இடுப்பளவில் பிடித்தபடி, "இந்தாங்க, பிடிங்க" என்று வந்தார். குழாய் முனை மேடத்தின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

மேடம் கையை நீட்டவில்லை. "திறந்து காட்டிட்டுக் குடுங்க." இதுவும் அவருடைய முறைதான். கொடுப்பவரே துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே காலி என்று காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். டாக்டரையும் அப்படித்தான் திறக்கச் சொன்னார், குளவிக் கூடு இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"காலியாத்தான் இருக்கு. இதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு."

"திறங்கோ."

ஐயோ, கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். குணசீலன் சலித்துக்கொண்டே குழாயைக் கீழே சாய்த்துத் திறந்தார். இரண்டு துளையிலும் பித்தளை பளபளத்தது. இரண்டு தோட்டா, போட்டது போட்டபடி.

அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மிரட்டிய அன்றைக்குப் போட்டதாக இருக்கும்; அவருடைய செல்வாக்கில், போலீஸ் வந்து போனபோதும் யாரும் அதை எடுத்துப் போகவோ திறந்து பார்க்கவோ இல்லை. அவர் கண் அந்த மூன்று சக்கர சைக்கிளுக்குப் போயிற்று. கூட வந்த காவலர் ஓர் அடி பின்னால் போனார். நான் அவருக்கும் பின்னால் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேடம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"எடுங்கோ. மெதுவா. ஒவ்வொண்ணா."

அவர் எடுத்தார். மேடம் தோட்டாக்களை வாங்கி என்னிடம் கொடுத்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டி, டாக்டரிடம் வாங்கினாரே அதே மாதிரி அவரிடமும் துப்பாக்கியை வாங்கினார். துப்பாக்கியின் மரக்கட்டையில் இருந்த கீறலை அவருக்கே காட்டி, "இது ஏற்கனவே இருக்குன்னு ரசீதுல எழுதறோம். திரும்பத் தர்றப்ப இதுக்கு மேல ஒரு கீறல் இருந்தா என்னைக் கேளுங்க. பொருள் உங்களோடதுதான், நாங்க வச்சிருக்கோம், அவ்வளவுதான்" என்றார். அதுவரை துள்ளிய மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த எழுந்து நிற்றல் எதற்கு என்று புரிந்துவிட்டது.

ஜீப்பில் ஏறியதும் மேடம், "செல்வம், தண்ணி இருக்கா?" என்றார். பாட்டில் மூடி அவருக்குத் திறக்க வரவில்லை, என்னிடமே திருப்பிக் கொடுத்துத் திறக்கச் சொன்னார். அந்த வீட்டுத் தமிழ் கோபத்துக்கு மட்டும் வருவதில்லை, பயத்துக்கும் அதுதான் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பயந்துகொண்டேதான் அசையாமல் நின்றிருக்கிறார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும் வழியில் ஆரோக்கியசாமி எங்கள் வாசலில் நின்றார். பச்சை கான்வாஸ் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, மடக்கித் திறந்து, காவல் நின்றவரிடம் காலி என்று காட்டினார். மறுபடி உறையில் போட்டுக்கொண்டு போனார். அதற்கு அடுத்த நாளும் அதேதான். மேடம் தனக்காகக் கையெழுத்துப் போட்ட கதை அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. யாரும் சொல்லாமல் தினம் வந்து காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. என்ன ஒரு நன்றியுள்ள மனுஷன் என்று மேடத்திடம் பெருமையாகவே சொன்னேன்.

மேடம் அன்றைக்குச் சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தார். ஆரோக்கியசாமி உறையில் கை வைத்ததும், "வேண்டாங்க" என்றார்.

"இருக்கட்டும் மேடம். நீங்க என்னை நம்பி விட்டீங்க. எனக்காக உங்களுக்கு ஒரு கெட்ட பேரு வந்துடக் கூடாது. ஒரு நிமிஷ வேலைதானே."

"நான் நம்பி விடலைங்க. உங்ககிட்ட வாங்க எங்களுக்குக் காரணம் இல்லை, அதனால விட்டோம். இதுல நீங்க எனக்குக் கடன்பட்டது ஒண்ணும் இல்லை. இன்னிக்கு நீங்களா வந்து காட்டுவீங்க. நாளைக்கு இந்த வாசல்ல வேற ஒருத்தர் இருப்பார். ஏன் இன்னிக்குக் காட்டலைன்னு கேப்பார். அதுவும் ஒரு வழக்கமாயிடும். நேரா வீட்டுக்குப் போங்க."

ஆரோக்கியசாமி உறையிலிருந்து கையை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. வணக்கம் வைக்கக் கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திக் கீழே இறக்கிக்கொண்டார். பிறகு உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்தார்.

தேர்தல் முடிந்தது. எந்தத் துப்பாக்கியும் வெடிக்கவில்லை. குணசீலனுக்கு அவருடையதை எண்ணெய் போட்டுத் துடைத்து, அந்த ஒரே கீறலோடு திருப்பிக் கொடுத்தோம். ஆரோக்கியசாமி அதே கடையில்தான் நின்றார். மேடம் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார், நானும் ஓய்வு பெற்றேன்.

எனக்கு நெஞ்சில் நிற்பது, மேடம் மாற்றலாகிப் போகும்வரை இருந்த நாட்கள். சாயங்காலம் ஆரோக்கியசாமி வரும் நேரத்துக்கு மேடம் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் வருவார். நானும் போய் நிற்பேன். அவர் தோளில் துப்பாக்கியோடு, கையில் காய்கறிப் பையோடு வருவார். எங்கள் வாசலில் நிற்க மாட்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு போலீஸ் ஸ்டேஷன் அங்கே இருப்பதே தெரியாதவர் மாதிரி, தன் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டே இருப்பார். அவர் சந்தில் திரும்புகிறவரை மேடம் எழுந்து நின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பார்.